கசந்துபோன கற்பித்தல் சொற்கள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், செர்ன் என்ற ஊரின் கிறித்தவ மடத்தில் ஏல்ஃப்ரிக் என்றொரு துறவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன்களுக்கு லத்தீன் பேச்சு பழக வேண்டும் என்பதற்காக, கேள்வியும் பதிலுமாக ஒரு சிறு நூலை எழுதினார். ஒருவன் உழவன், ஒருவன் மீனவன், ஒருவன் சமையற்காரன் என்று ஆளுக்கொரு வேடம் போட்டுப் பேச வேண்டும். நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் ஒரு கேள்வி போடுகிறார்: படிக்கும்போது அடி வாங்கச் சம்மதமா? கல்வி வராமல் போவதைவிட அடிபடுவதே மேல் என்கிறார்கள் பையன்கள். கூடவே, ஐயா இரக்கமுள்ளவர், நாங்களாக வரவழைத்துக்கொண்டால் ஒழிய அடிக்கமாட்டார் என்று ஐஸ் வைக்கவும் மறக்கவில்லை.

அந்தப் பதிலில் கல்வி என்பதற்கு ஏல்ஃப்ரிக் எழுதிய லத்தீன் சொல் ‘டாக்ட்ரீனா’. ஒரு சுவடியில் லத்தீன் வரிகளுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் குறித்துவைத்த யாரோ ஒருவர், அந்தச் சொல்லின் தலைமேல் ‘லார்’ என்று எழுதினார். அன்றைக்கு இரண்டும் ஒன்றே, சொல்லிக்கொடுப்பது, சொல்லிக்கொடுக்கப்படுவது. இன்றைக்கு இரண்டும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத தூரத்தில். ‘லார்’ தேய்ந்து ‘லோர்’ ஆகி, 1846இல் வில்லியம் தாம்ஸ் உண்டாக்கிய ‘ஃபோக்லோர்’ என்ற சொல்லோடு ஒட்டிப் பிழைத்துக்கொண்டது. ‘டாக்ட்ரீனா’ பிரெஞ்சு வழியாக ‘டாக்ட்ரின்’ ஆகித் திருச்சபைக்கும் வெளியுறவுத் துறைக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய் உட்கார்ந்துவிட்டது.

கற்பித்தல், போதித்தல், கோட்பாடு என்ற வட்டாரத்தில் ஆங்கிலம் சேர்த்துவைத்திருக்கும் சொற்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. பிறக்கும்போது பெரும்பாலானவை மரியாதையான சொற்கள். ஆசிரியரின் பெருமையைச் சொல்ல உண்டானவை, அல்லது பாடத்தின் சிறப்பைச் சொல்ல உண்டானவை. ஆனால் அகராதியில் அவற்றுக்குப் பின்னாளில் ஏறிய பொருளை மாணவன்தான் எழுதியிருக்கிறான். எங்கே ஆசிரியனின் அதிகாரம் கேள்விக்குள்ளானதோ, அங்கே அவனுடைய சொல்லும் கசந்தது.

கசக்காமல் தப்பியது ‘டீச்’ என்ற பழைய நாட்டுச் சொல். அதன் முதற்பொருள் சுட்டிக்காட்டுவது. அடையாளம் என்று பொருள்படும் ‘டோக்கன்’ அதற்கு உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியில் காட்டுவதைக் குறிக்கும் ‘சைகன்’ பங்காளி. இன்னும் மேலே போனால் சமஸ்கிருதத்தின் ‘திச்’ என்ற வேர் வருகிறது; சுட்டுவது என்று பொருள். தமிழர் நாள்தோறும் சொல்லும் ‘திசை’யும் ‘உபதேச’மும் அந்த வேரில் கிளைத்தவை. ஆக, நாலாந்தெரு இங்கிலீஷ் மீடியத்தின் டீச்சரும் மடத்துத் தேசிகரும் சொல்வழியில் உறவுக்காரர்கள்.

‘லேர்ன்’ என்ற சொல்லின் வேரைத் தடம், சால் என்ற பொருளில் காட்டுகிறார்கள். ஏர் போன வழியே போவது. அந்தச் சாலைவிட்டு விலகினால் லத்தீனில் ‘டெலிரியம்’, அதாவது சித்தப்பிரமை. கற்பதும் கற்பிப்பதும் நெடுங்காலம் இந்த ஒரே சொல்லில் நடந்தன. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் காலிபன் தன் எசமானரைச் சபிக்கும் இடத்தில், கற்பித்தான் என்ற பொருளிலேயே ‘லேர்ன்’ வருகிறது. பிறகு இலக்கணக்காரர்கள் புகுந்து, அப்படிச் சொல்வது படிக்காதவன் பேச்சு என்று தீர்ப்பளித்தார்கள். கிராமத்துப் பேச்சில் அது இன்னும் சாகவில்லை.

பழைய ஆங்கிலத்தில் நற்செய்தியை எழுதியவர்கள் இயேசுவின் சீடர்களுக்கு வைத்த பெயர் இன்று படிக்கச் சுவையானது: ‘லியோர்னிங்-க்னிஹ்ட்’. கற்கும் பையன் என்பது நேர்ப்பொருள். அதன் பின்பாதிதான் பிற்காலத்தில் குதிரையேறி ‘நைட்’ ஆனது. அந்தச் சொல் நிலைத்திருந்தால் பன்னிரண்டு சீடர்களும் படிப்பாளி வீரர்களாகக் கவசம் பூண்டிருப்பார்கள். லத்தீனின் ‘டிசைப்பிள்’ வந்து அதைத் தள்ளிவிட்டது. டிசைப்பிளின் தம்பியான ‘டிசிப்ளின்’ முதலில் சீடனுக்கான பயிற்சி. மடங்களில் துறவிகள் தங்களையே அடித்துக்கொண்ட சாட்டைக்கும் அதே பெயர் வந்தது. கருவியின் பெயரே டிசிப்ளின். பிறகு படைக்குப் போனது, பள்ளிக்கூடத்துக்குப் பிரம்போடு திரும்பி வந்தது. நடுவில், ஒரு கல்வித் துறையைக் குறிக்கும் சாதுவான பொருளும் அதற்குக் கிடைத்தது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம்.

லத்தீனில் கற்பிப்பதற்கான வினை ‘டோகேரே’. இந்த ஒற்றை வினையின் பிள்ளைகள் போன இடங்களே தனிக்கதை. ‘டாக்டர்’ என்றால் கற்பிப்பவர். ஆங்கிலத்தில் முதலில் அந்தப் பட்டம் திருச்சபையின் மூதறிஞர்களுக்கு உரியது. மருத்துவருக்கு அது வந்தது பல்கலைக்கழகப் பட்டத்தின் வழியே. அதனால்தான் பிரிட்டனில் இன்றும் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ‘மிஸ்டர்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய முன்னோர் பல்கலைக்கழகம் போகாத, நாவிதத் தொழிலோடு சேர்ந்திருந்த சங்கத்தார். டாக்டர் என்பது வினையாகவும் மாறி, கணக்கைத் திருத்துவது, ஆவணத்தில் கைவைப்பது என்ற பொருளுக்கு 18ஆம் நூற்றாண்டில் இறங்கியது. கற்பித்த கை கடைசியில் தில்லுமுல்லு செய்யும் கையானது.

‘டாக்குமென்ட்’ கூட முதலில் காகிதம் இல்லை, பாடம். ஒருவருக்குப் புத்தி வரும்படி காட்டப்படும் எடுத்துக்காட்டு. எழுத்துமூலமான சான்று என்ற பொருள் பின்னால் வந்தது. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் டாக்குமென்ட் எழுதுபவர் அறியாமலே ஆசிரியர் தொழில் செய்கிறார். ‘டோசைல்’ என்றால் எளிதில் கற்றுக்கொள்பவன் என்று 15ஆம் நூற்றாண்டில் பொருள். ஆசிரியருக்குப் பிடித்த பையனைப் பாராட்டும் சொல். இன்றைக்கு முட்டாத மாட்டுக்கும் எதிர்த்துப் பேசாத ஊழியனுக்கும் அதைச் சொல்கிறார்கள்.

‘டாக்ட்ரின்’ கசந்த கதைக்கு நாள் குறிக்க ஓரளவு வழி உண்டு. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், மலைப்பொழிவைக் கேட்ட மக்கள் இயேசுவின் ‘டாக்ட்ரின்’ கண்டு வியந்தார்கள் என்று மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் வருகிறது. 1881இல் அதைத் திருத்தியவர்கள் அதே இடத்தில் ‘டீச்சிங்’ என்று மாற்றினார்கள். மூலக் கிரேக்கம் மாறவில்லை. ஆங்கிலச் சொல்லின் மணம் மாறிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், பியூரிட்டன் என்று ஒவ்வொரு தரப்பும் தன் டாக்ட்ரினைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவனைச் சிறையில் தள்ளியிருந்தது. மலைமேல் உட்கார்ந்து பேசியவரின் பேச்சுக்கு அந்தச் சொல் இனிப் பொருந்தாது என்று திருத்தியவர்களுக்குப் பட்டதில் வியப்பில்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இங்கே ‘போதகம்’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டது.

இந்தச் சொல்லுக்குத் தமிழோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’. அன்றிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பு, பதினாறே பக்கம். அதன் போர்த்துகீசியத் தலைப்பு ‘டாக்ட்ரினா கிறிஸ்தாம்’ என்று தொடங்குகிறது. கிறித்தவப் பாடத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் இவ்வகை நூலுக்கு ஆங்கிலத்தில் ‘கேட்டகிசம்’ என்று பெயர். வாயால் சொல்லிக் காதில் ஒலிக்கச் செய்வது என்பது அதன் கிரேக்கப் பொருள். ‘எக்கோ’ என்ற எதிரொலியும் அதே வேர்தான். ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் ஓசை சொல்லுக்குள்ளேயே கேட்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறித்தவ ஊர்களில் ‘உபதேசியார்’ என்று மரியாதையோடு அழைக்கப்பட்டவர் ஆங்கிலக் குறிப்பேடுகளில் ‘கேட்டகிஸ்ட்’.

மதம்விட்டு அரசியலுக்கு வந்ததும் டாக்ட்ரின் குளிர்ந்துபோனது. அமெரிக்க அதிபர் மன்றோ 1823இல் ஐரோப்பியர்களுக்கு விட்ட எச்சரிக்கை பின்னாளில் ‘மன்றோ டாக்ட்ரின்’ எனப்பட்டது. 1947இல் ட்ரூமன் டாக்ட்ரின். இந்தியருக்கு இந்தச் சொல்லை வலிக்க வலிக்கக் கற்பித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. ஆண் வாரிசு இல்லாத சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்கிய ‘டாக்ட்ரின் ஆஃப் லாப்ஸ்’, 1848இல் சதாராவில் தொடங்கி 1854இல் ஜான்சியையும் நாக்பூரையும் எடுத்துக்கொண்டது. அதில் கற்பிப்பது என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்றுமில்லை. பறிப்பதற்கு ஒரு பண்டிதப் பெயர், அவ்வளவுதான். சட்டத்தில் மட்டும் அது ஓரளவு மானத்தோடு இருக்கிறது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு ஆங்கிலத்தில் டாக்ட்ரின்தான். அது ஆட்சியாளர்களுக்கு எதிராகப் பேசுகிறது.

‘டாக்மா’வுக்குக் கிரேக்கத்தில் தோன்றுவது, கருதுவது என்பதே மூலம். எனக்குத் தோன்றுகிறது என்ற அடக்கத்தில் பிறந்த சொல் ஆட்சியாளர் வாயில் கட்டளையானது. லூக்காவின் நற்செய்தியில் குடிக்கணக்கு எடுக்கச் சொன்ன அகஸ்து இராயரின் ஆணை கிரேக்கத்தில் ‘டாக்மா’ என்றே இருக்கிறது. எதிர்த்தரப்பு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பெயர் ‘ஹெரசி’. அதன் பழம்பொருள் வெறும் தேர்வு.

அறிஞர் பெயரே வசையான கொடுமையும் நடந்தது. ஸ்காட்லாந்தின் டன்ஸ் ஊரைச் சேர்ந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் 1308இல் இறந்தவர். அவருடைய நுட்பத்துக்காகவே ‘நுண்மதி டாக்டர்’ என்று பட்டம் பெற்றவர். இரு நூறு ஆண்டுகள் கழித்துப் புதுக்கல்விக்காரர்கள் வந்தபோது அவருடைய வழியினர் பழைய பாடத்தை விடமாட்டோம் என்று நின்றார்கள். அவர்களைக் கேலி செய்த ‘டன்ஸ்’ என்ற பேர், வகுப்பில் கூம்புத்தொப்பி போட்டு மூலையில் நிற்கவைக்கப்படும் மக்குப் பையனுக்கு வந்து சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1993இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. அகராதி இன்னும் இரங்கவில்லை.

தோட்டத்திலிருந்து வந்த சொற்கள் ஒரு தனிக்கூட்டம். ‘செமினரி’ என்றால் நாற்றங்கால். குருமாரைப் பயிற்றும் பள்ளிகளை மறைமாவட்டந்தோறும் நிறுவ வேண்டும் என்று 1563இல் திரெந்து சங்கம் ஆணையிட்டபோது, விதை முளைவிடும் இடத்தின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். இன்றைய ‘செமினார்’ அதன் பேரப்பிள்ளை. அங்கே முளைப்பது பெரும்பாலும் தூக்கம். ‘ட்ரெயின்’ இழுப்பதிலிருந்து வந்தது. கொடியைச் சுவரோரம் இழுத்துக்கட்டிப் படரவிடுவதற்கும் பையனைப் பழக்குவதற்கும் தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கும் அதுவே பெயர். ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய ‘கிண்டர்கார்டன்’ குழந்தைகளின் தோட்டம். இந்தக் கூட்டத்தில் வீழ்ச்சி பெரிதாக நேர்ந்தது ஒன்றுக்குத்தான்: ‘ப்ராபகண்டா’.

லத்தீனில் அந்த வினை பதியன் போடுவதைக் குறிக்கும். கொடியை வளைத்து மண்ணில் புதைத்து, வேர்விட்டதும் தனிச்செடியாகப் பிரிப்பது. போப் பதினைந்தாம் கிரகோரி 1622இல் ரோமில் ஒரு பேரவை அமைத்தார். விசுவாசத்தைப் பரப்பும் பணிக்கான அந்த அவையின் நீண்ட லத்தீன் பெயரை மக்கள் சுருக்கி ‘ப்ராபகண்டா’ என்றார்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் குருமாரை அனுப்பியது, பல மொழி எழுத்துகளில் அச்சகம் நடத்தியது எல்லாம் அந்த அலுவலகம். இரு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கத்தோலிக்கருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. புராட்டஸ்டண்டு இங்கிலாந்து மட்டும் அந்தப் பெயரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் அது இரகசியமாகக் கருத்துப் பரப்பும் எந்தக் கும்பலுக்கும் பேரானது. ஆனால் அதே இங்கிலாந்து 1701இல் தொடங்கிய, பின்னர் கால்டுவெல்லும் பணியாற்றிய நற்செய்திப் பரவுதல் சங்கத்தின் பெயரில் இருப்பதும் அதே வேர்தான்.

சொல்லைக் கொன்றது முதல் உலகப் போர். 1914இல் லண்டனின் வெலிங்டன் மாளிகையில் பிரிட்டன் தன் பிரச்சார அலுவலகத்தைச் சத்தமில்லாமல் தொடங்கியது. எழுத்தாளர்களை அழைத்து எழுதவைத்தது. போர் முடிந்து பொய்கள் வெளிவந்தபோது பொதுமக்களுக்கு அந்தச் சொல்லே நாற்றம் எடுத்தது. 1928இல் எட்வர்ட் பெர்னேஸ் அமெரிக்காவில் ‘ப்ராபகண்டா’ என்றே தலைப்பிட்டு நூல் எழுதி அதற்கு வக்காலத்து வாங்கிப் பார்த்தார். ஐந்தே ஆண்டுகளில் நாஜி ஜெர்மனியில் கோயபல்ஸ் அந்தப் பெயரில் ஓர் அமைச்சகத்துக்கே தலைவரானார். அதன்பின் சொல்ல என்ன இருக்கிறது? 1967இல் வத்திக்கான் தன் பேரவைக்கு மக்களின் நற்செய்திப் பேரவை என்று புதுப்பெயர் வைத்தது. சொல்லைப் பெற்றவர்களே அதைக் கைகழுவினார்கள்.

‘சிலபஸ்’ பிழையில் பிறந்த பிள்ளை. சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சுருள்நூல்களில் ஒட்டும் தலைப்புச் சீட்டுகளை ‘சிட்டிபாஸ்’ என்று குறித்திருந்தார். 15ஆம் நூற்றாண்டுப் பதிப்பில் அது தப்பாக அச்சேறியது. அப்படி ஒரு சொல் கிரேக்கத்தில் உண்டு என்று நம்பி உலகம் எடுத்துக்கொண்டது. 1864இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் தாம் கண்டித்த 80 கருத்துகளைப் பட்டியலிட்டு வெளியிட்ட ஆவணத்துக்குப் பெயர் ‘பிழைகளின் சிலபஸ்’. அச்சுப்பிழையின் பெயரால் பிழைகளுக்குப் பட்டியல்.

சென்னைக்காரர் இந்த வரலாற்றில் தலைநிமிர ஓரிடம் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து மதகுரு, எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். படைவீரர்களுக்குப் பிறந்த பிள்ளைகள்; ஆசிரியர்களோ சொன்னதைக் கேட்காதவர்கள். ஒருநாள் போகிற வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். பெல் சளைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வாத்தியார் இல்லாத வேளையில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து பாடம் ஒப்பிக்கவைப்பது ஊரறிந்த பழக்கம். ஆனால் பெல் 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டதும், காசில்லாமல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்கவைக்க வழி தேடிய இங்கிலாந்து அதைப் பிடித்துக்கொண்டது. ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்பது அங்கே கல்வித்துறைச் சொல்லானது. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவருடைய பணத்தில் 1833இல் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று பெயர். ஜோசப் லங்காஸ்டர் இதே போன்ற முறையைத் தனியாக நடத்தினார். யார் முந்தியவர் என்று இரு தரப்பும் அடித்துக்கொண்டன. சட்டாம்பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ‘மானிட்டர்’, லத்தீனில் எச்சரிப்பவன். அந்த எச்சரிப்பவன் இப்போது மேசைமேல் கணினித் திரையாக உட்கார்ந்திருக்கிறான். பெல், லங்காஸ்டர் தரப்புகளின் சண்டையில் திண்ணைப் பள்ளியின் பெயரை யாரும் சொல்லவில்லை என்பது தனிக்குறை.

இந்தியா ஆங்கிலத்துக்கு நேராகவே கொடுத்த இரண்டு ஆசிரியச் சொற்களின் கதியும் இதேதான். ‘பண்டிட்’ முதலில் கம்பெனி நீதிமன்றங்களில் இந்து சட்டம் சொன்ன அறிஞர். பிறகு திபெத்துக்குள் மாறுவேடத்தில் நடந்து அளந்த நைன் சிங் போன்ற நில அளவையாளர்கள். அவருக்கு 1877இல் லண்டன் புவியியல் கழகத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தது. இன்றைய பண்டிட் தொலைக்காட்சியில் கிரிக்கெட்டைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் தவறாகக் கணித்துவிட்டு மறுநாளும் வருபவர். ‘குரு’வும் மேலாண்மைக் குரு, சமையல் குரு என்று மலிந்தார். இரண்டையும் ஆங்கிலம் ஒரு மெல்லிய சிரிப்போடுதான் உச்சரிக்கிறது.

‘கோச்’ மட்டும் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் குறும்பு. ஹங்கேரியின் கோச் என்ற ஊரில் செய்த குதிரைவண்டியின் பெயர் அது. தேர்வு என்ற தூரத்தைக் காசு வாங்கிக்கொண்டு கடத்திவிடும் தனிப்பயிற்சியாளரை 1830களில் மாணவர்கள் அப்படிக் கேலியாக அழைத்தார்கள். விளையாட்டுக்குப் பின்னால்தான் போனது. நீட் தேர்வுக்குக் கோச்சிங் சென்டர் தேடி அலையும் பெற்றோருக்கு அந்தப் பழைய கேலியின் பொருள் விளக்காமலே விளங்கும்.

தமிழும் இதில் யோக்கியமில்லை. ‘உபதேசம் பண்ணாதே’, ‘லெக்சர் அடிக்காதே’ என்று சொல்லாத வீடு எது? லத்தீனில் வாசிப்பது என்ற பொருளில் தொடங்கிய லெக்சர், ஆங்கிலத்திலேயே 17ஆம் நூற்றாண்டில் கண்டிப்புப் பேச்சாகிவிட்டது. தமிழர் அடிப்பது அந்த லெக்சரை. பிரசங்கம் நல்ல சொல், அதிகப்பிரசங்கி திட்டு. ஒருவன் இன்னொருவனுக்குப் ‘பாடம் புகட்டுகிறேன்’ என்று கிளம்பினால் அவன் கையில் புத்தகம் இருக்காது.

மொழிபெயர்ப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும் இந்தச் சொற்களைக் கையாளும்போது காலத்தைப் பார்ப்பது நல்லது. ‘இன்டாக்ட்ரினேட்’ என்பது 17ஆம் நூற்றாண்டு நூலில் வந்தால் வெறுமனே கற்பித்தல், வசை அல்ல. அதற்கு மூளைச்சலவை என்று எழுதுவது இரட்டைத் தவறு. மூளைச்சலவை ‘பிரெய்ன்வாஷிங்’ என்ற வேறொரு சொல்லின் தமிழ். எட்வர்ட் ஹண்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1950இல், கொரியப் போர் நடக்கும்போது, சீனச் சொல் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. அதைப்போலவே ‘டாக்ட்ரின்’ என்று கண்டதும் கோட்பாடு என்று எழுதிவிட வேண்டாம். தேவாலயத்தில் அது போதனை, வெளியுறவில் கொள்கை, நீதிமன்றத்தில் கோட்பாடு, ஏல்ஃப்ரிக்கின் பையன்களுக்கு வெறும் படிப்பு. யார் யாருக்குச் சொன்னது, எந்த நூற்றாண்டில் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.